அசையாமல் இருந்தவள்

வீட்டுக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மூன்றாவது முறை வார்த்தை தடித்துவிடும் என்று பயந்து, விடியுமுன்னே தன் டாக்சியை அந்தப் பழைய வீட்டு வாசலில் நிறுத்தினான் அண்ணன். தங்கை போய்ப் பன்னிரண்டு நாள். சாமான்களைக் காலி செய்ய வேண்டும்.

சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவளுக்கு ஒற்றை அறையே தாராளம். பூட்டிக் கிடந்த வீட்டின் மக்கிய வாசனை முகத்தில் அடித்தது. அதற்குள்ளே அவள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை மட்டும், இப்போதுதான் தேய்த்தது போல இருந்தது. ஜன்னலோரம் தரையில் ஒரு சின்ன மெத்தை, நடுவில் குழிந்து கிடந்தது. எதிரே முக்காலியில் லேப்டாப்.

அங்கேதான் அவள் செத்துப்போனாள்.

தினமும் காலை ஐந்தரைக்கு இணையத்தில் பதினைந்து பேர் கூடுவார்கள். ஒரு மணி நேரம் கண்ணை மூடித் தியானம், பிறகு அரை மணி நேரம் புத்தரின் உரை ஒன்றைப் படித்துப் பேசுவது.

"மூச்சு விடறதுக்கு எதுக்குடி சங்கம்?" என்று அண்ணன் கிண்டலடிப்பான்.

"மூச்சு ஏறுது, இறங்குது, அதைப் பாரு. அவ்வளவுதாண்ணா. உன் கோபத்துக்கு நல்லது" என்பாள் சுண்டு. உருவம் சிறுசு என்று அவன் வைத்த பெயர் அது.

அன்றைக்கு அவள் உயிர் கேமராவுக்கு முன்னால் போயிருக்கிறது. பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தியானம் முடிந்து மணி அடித்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆழ்ந்து உட்கார்ந்திருப்பவரைக் கலைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். "எழுப்பாதீங்க, அவங்களுக்கு நல்லா அமைஞ்சிருக்கு" என்றாராம் குழுவை நடத்தும் கணக்கு டீச்சர். உரையையும் ஆற அமரப் படித்து முடித்த பிறகுதான் அண்ணனுக்கு போன் வந்தது. "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

இப்போது மணி ஐந்து இருபத்தெட்டு. அவர்களை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டால்தான் மனது ஆறும் என்று தோன்றியது. மெத்தைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து அவள் கணக்கிலேயே கூட்டத்துக்குள் போனான்.

கட்டம் கட்டமாக முகங்கள். அவன் முகத்துக்குக் கீழே அவள் பெயர்.

"தம்பி, நீங்க... அவங்க அண்ணனா?" என்றார் டீச்சர்.

"ஆமா. பதினாலு பேர் இருந்தீங்களே, ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வரல?"

டீச்சர் உடைந்து அழுதார். "எங்க தப்புதான் தம்பி. அமைதின்னு நினைச்சுட்டோம். அன்னிலேர்ந்து நான் கண்ணை மூடறதே இல்ல. எல்லாரும் மைக்கைத் திறந்தே வச்சிருக்கோம். மூச்சுச் சத்தம் பட்டா அந்தக் கட்டத்தைச் சுத்தி மஞ்சள் கோடு மின்னும். அதைப் பாத்தாதான் எனக்கு உயிர் வருது."

அழுகிறவரை எப்படித் திட்டுவது? மணி ஒலித்தது. டீச்சரைத் தவிர எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

மஞ்சள் கோடு கட்டத்துக்குக் கட்டம் தாவியது. பிறகு அவன் கட்டத்தில் வந்து நின்றது. தன் மூச்சுதான் என்று நினைத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று மூச்சை அடக்கிப் பார்த்தான்.

கோடு மின்னியது.

அணைந்தது.

மின்னியது.

தைல வாசனை நெருங்கி வந்தது. பக்கத்து மெத்தையின் குழி இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தது.

"தம்பி," டீச்சர் கிசுகிசுத்தார். "அந்த ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

பயத்தை முந்திக்கொண்டு அவனுக்கு அழுகை வந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. சாவதற்கு முந்தின ராத்திரி சுண்டு அவனுக்கு போன் செய்திருந்தாள். "நெஞ்சு கனமா இருக்குண்ணா. வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?" அவன் சவாரியில் இருந்தான். "எல்லாம் வந்து வந்து போகும்னு நீதானேடி சொல்லுவ? உக்காந்து கவனி" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அவள் உட்கார்ந்து கவனித்திருக்கிறாள்.

"தப்பு உங்களுது இல்ல டீச்சர்," என்றான். பிறகு மெத்தைப் பக்கம் திரும்பினான். "சுண்டு, கவனிச்சது போதும்மா. அண்ணன் வண்டி கொண்டாந்திருக்கேன். எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

கோடு அணைந்தது. அதன் பிறகு மின்னவில்லை. மெத்தையின் குழி மெல்ல மேலெழுந்து சமமானது.

அவன் வாசலுக்குப் போய் டாக்சியின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பூப்போலச் சாத்தினான். சுற்றி வந்து ஏறி வண்டியைக் கிளப்பினான்.

பீப். பீப். பீப்.

பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வரும் சத்தம் அது. இருக்கை காலியாக இருந்தது.

அவன் எட்டி பெல்ட்டை இழுத்தான். நெஞ்சை அழுத்திவிடப் போகிறது என்று கொஞ்சம் தளர்த்தி மாட்டினான். சத்தம் நின்றது.

காலி இருக்கையின் மேல் பெல்ட் மெல்ல ஏறியது.

இறங்கியது.