வலது துளை

பஞ்சுக்குச்சி உள்ளே போகவில்லை.

நேற்றுக் காலை போனது. லியென் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி, தலையைப் பின்னால் சாய்த்து, வலது மூக்குத் துளையில் அதை மறுபடி வைத்துப் பார்த்தாள். விளிம்பிலேயே நின்றது. இடது துளையில் தடையில்லாமல் போனது. கீழே மாமியார் வள்ளைக்கீரைத் தண்டுகளைக் கீறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தண்டும் கீறுகோலின் கம்பிகளில் இறங்கி நார் நாராகப் பிளக்கும்போது எழும் ஈரமான, நீண்ட கிழிசல் சத்தம் படியேறி வந்து, குளியலறை ஓடுகளில் மோதி, அவள் காதுக்குப் பின்னால் எங்கோ முடிந்தது.

அறுவை முடிந்து ஏழு வாரம். மூக்குத் தண்டை உயர்த்தி, இரு ஓரங்களிலும் அடிச்சதையை நறுக்கித் துளைகளைச் சிறிதாக்கியிருந்தார்கள். தையல் போட்ட இடம் முதல் மாதம் முழுக்க நூல் போல இருந்தது. இப்போது வலப்பக்கம் ஓர் அரிசிமணி. இளஞ்சிவப்பு. வழவழப்பு. அரித்தது.

சைகோனில் அவர்கள் குடியிருந்த சந்தில் குழந்தைக்கும் தெரியும்: வெட்டுக்காயம் ஆறும்வரை வள்ளைக்கீரை வாயில் படக்கூடாது, பட்டால் தழும்பு புடைக்கும். அவள் தொடவில்லை. ஆனால் அந்த வீடே அந்தக் கீரையில்தான் பிழைத்தது. மாமியாரின் பெயர் தாம்; முன்னறையில் நண்டுச்சாறு நூடுல்ஸ் விற்பவள். கீறிய தண்டு இல்லாத கிண்ணத்தை யாரும் வாங்கமாட்டார்கள். குளிர்ந்த தண்ணீர் நிறைந்த அலுமினியத் தொட்டியில் அந்தப் பச்சை நார்கள் நாள் முழுதும் தன்னாலேயே சுருண்டுகொண்டிருக்கும்.

லியெனின் மூக்கைக் குறை சொன்னவளும் மாமியார்தான். கல்யாணமான முதல் வருடம், வாடிக்கையாளர்கள் முன்னால்.

"துளை தெரியிற மூக்கு. இந்த வீட்டுக்கு வர்ற காசெல்லாம் அது வழியாத்தான் வெளிய போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். லியென் மூன்று வருடம் அந்தச் சிரிப்பைச் சுமந்துவிட்டு ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனாள். கட்டோடு திரும்பி வந்தபோது தாம் அதே ஆட்களிடம் சொன்னாள்: "பெத்தவங்க குடுத்த மூக்க வெட்டிப் போட்டுட்டு வந்து நிக்குறா பாருங்க."

கணவன் வின் சரக்கு வண்டி ஓட்டுபவன். மாதத்தில் நான்கு நாள்தான் வீடு. அவன் தங்கை ஓவான் எந்நேரமும் வீடு.

"அண்ணி, நீங்க மூச்சு விட்டா விசில் அடிக்குது. வாசல்ல உக்காருங்க, ஆள் கூப்பிட்ட மாதிரி இருக்கும்."

அன்று மதியக் கஞ்சியில் பச்சை வாசனை வந்தது. லியென் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அதன் பிறகு அந்தச் சமையற்கட்டிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பொட்டலத்தில் வருவதை மட்டும் தன் அறையில் கொதிக்கவைத்தாள். தண்ணீர்ப் புட்டியையும் அலமாரியில் பூட்டினாள்.

அரிசிமணி நிலக்கடலையானது.

மருத்துவர் விளக்கைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "உடம்புல வேற எங்கயாவது தழும்பு இப்படிப் புடைச்சிருக்கா?"

அறுவைக்கு முன்பும் இதே கேள்வி. இடது தோளில், சிறு வயதில் தடுப்பூசி போட்ட இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மேடு இருந்தது. மினுமினுப்பானது. ஓரங்களில் நண்டுக்கால்கள்போலப் பரவியது. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அன்று இல்லை என்றாள். இன்று உண்டென்றால் அன்று சொன்னது பொய்யாகும்.

"இல்ல டாக்டர்."

"அப்போ பயமில்ல. வெட்டி எடுத்துடலாம்."

வெட்டினார். இடப்பக்கமும் லேசாகத் தடித்திருந்தது, அதையும் வெட்டினார்.

இருபது நாள். வெட்டிய இடத்தில் வெட்டியதைவிடப் பெரிதாக வந்தது. இரண்டு பக்கமும். உள்நோக்கி.

லியென் கீழே இறங்கினாள். முன்னறையில் ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீரைத் தொட்டியைத் தூக்கிச் சந்தில் கொட்டினாள். பச்சைச் சுருள்கள் சிமெண்டில் வழுக்கி ஓடின.

"எதுல கலந்தீங்க? சொல்லுங்கம்மா. எதுல?"

தாம் எழுந்திருக்கவில்லை. "உன் கஞ்சிக்குத் தனிச் சட்டி. தனிக் கரண்டி. கீரை தொட்ட கைய உப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் உனக்கு அரிசி களைஞ்சேன். எனக்கு உன்னப் பிடிக்காது. அதுக்காக என் மகன் பொண்டாட்டி மூஞ்சியக் கெடுப்பேனா? ஊரு யாரப் பாத்துச் சிரிக்கும்?"

பொய் என்று கத்திக்கொண்டு லியென் அவள்மேல் பாய்ந்தாள். தாம் அவள் சட்டையைப் பிடித்துத் தள்ளியதில் பொத்தான் தெறித்தது. தோள் வெளியே வந்தது. கடையில் கரண்டிச் சத்தம் நின்றது.

தாம் அந்த மேட்டைப் பார்த்தாள். "இத அந்த டாக்டர்கிட்ட சொன்னியா?"

லியென் சட்டையை இழுத்துத் தோளை மூடினாள்.

"சொல்லல." தாம் கையை எடுத்துத் துணியில் துடைத்தாள். "அப்புறம் எதுக்குடி என் கீரையக் கொட்டுன? அது உன் சதையிலயே இருக்கு."

ஏப்ரல் வெயில் தகரக் கூரைமேல் ஏறி நின்றது. லியென் மாடியில் கிடந்தாள். வலது துளை அடைத்துவிட்டது. இடது துளையில் ஒரு நூல் காற்று. மறுநாள் அதுவும் இல்லை. வாயால் மூச்சு விட்டாள். மருந்தின் கசப்பு, வறண்ட நாக்கின் துர்நாற்றம், கீழே கொதிக்கும் நண்டின் வாடை எல்லாம் வாய் வழியாகவே உள்ளே போயின. வின் தொலைபேசியில் சொன்னான்: "திங்கக்கிழமை வந்துடறேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம். அதுவரைக்கும் அம்மாகிட்ட வம்பு வளக்காத."

வாய் திறந்தே இருந்தது. உதடு காய்ந்தது. தூக்கத்தில் கொட்டாவி விட்டபோது வாயின் இரு ஓரங்களும் வெடித்தன. சொட்டு ரத்தம். உப்பு.

சிறு காயம்தான். ஆறிவிடும்.

ஆறியது.

ஞாயிறு மதியம் அரிப்பு அவளை எழுப்பியது. அந்த அரிப்பு அவளுக்குத் தெரியும். மூக்கில் இல்லை.

ஓவானைக் கூப்பிட்டாள். குரல் குறுகி வந்தது. ஓவான் சிரித்துக்கொண்டே படியேறினாள். வாசலில் நின்றாள். சிரிப்பு போனது. ஓரடி பின்னால் வைத்தாள். பிறகு கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்தினாள்.

லியென் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தாள். பாதிதான் திறந்தது. இரண்டு விரலால் இழுத்தாள். வலிக்கவில்லை. ஓரங்களில் சதை மினுங்கியது. புதியது. ரேகையே இல்லாதது.

காற்றை இழுத்தாள். போதவில்லை. இன்னும் இழுத்தாள்.

கண்ணாடியில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று நோக்கி நூலளவு நகர்ந்தன.