மர்ஜியா பேரில் இருந்த மாத்திரை

“இன்னைக்கு ஒருநாள் அரியலூருக்கு உன் அண்ணன் வூட்டுக்குப் போயிட்டு வந்துடு மர்ஜியா... மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர்ற நேரத்துல நீ இங்க வேணாம்!”

காலை டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள் மாமியார் ஜெய்த்தூன் பீவி.

“இஃப்பத் எம் பொண்ணு மாமி... அவளைப் பார்க்க வர்றப்ப பெத்தவ இல்லாமலா?”

“மனநல டாக்டர்கிட்ட போறவன்னு ஊரே பேசுது. பைத்தியக்காரி பெத்த பொண்ணுன்னு அவங்க எழுந்து போயிட்டா என்ன பண்ணுவ?”

மர்ஜியாவிடம் பதில் இருந்தது. எட்டு மாதமாக அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

அந்த மாத்திரைகள் அவளுடையவை அல்ல. அவள் கணவன் சாகுல் ஹமீதுடையவை.

பத்தொன்பது வருடம் குவைத்தில் இருந்துவிட்டு ஒரேயடியாகச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பியவன், வந்த மாதமே தூக்கத்தைத் தொலைத்தான். அறையை விட்டு வரமாட்டான். காரணமில்லாமல் அழுவான். பெரம்பலூரில் டாக்டர் முத்தமிழிடம் அவனை அழைத்துப் போனவள், “எனக்குத்தான் மனசு சரியில்ல, அவர் துணைக்கு வர்றார்” என்று வீட்டில் சொல்லிவிட்டாள். சம்பாதித்துப் போட்ட ஆம்பளைக்கு ஊரில் ஒரு பேர் இருக்கிறதே! பெண்ணின் பேர் கெட்டால் யாருக்கு என்ன? அப்படித்தான் அவளும் நினைத்தாள், பாவம்.

போன வாரம் போனபோது டாக்டரம்மா மாத்திரை எழுதியதோடு விடவில்லை. யாரோடு சாப்பிடுகிறார், யாரோடு பேசுகிறார், பள்ளிவாசலுக்குப் போகிறாரா என்று நிதானமாகக் கேட்டார். குவைத்தில் முந்நூறு தொழிலாளர்கள் தங்கிய கேம்ப்புக்குச் சமைத்தவன் என்று தெரிந்ததும், “இங்க என்ன சமைக்கிறீங்க?” என்றார்.

சாகுல் தலையைக் குனிந்துகொண்டான். லீவில் வந்தவனைத் தாங்குவதுபோலவே வீட்டில் இன்னமும் தாங்கிக்கொண்டிருந்தார்கள். தட்டு அறைக்கே போகும். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் “எப்ப கிளம்புறீங்க?” என்பார்கள்.

“சொந்த வூட்டுலயே விருந்தாளியா இருக்கார்ங்க. மாத்திரை அவசியம், ஆனா அதுமட்டும் போதாது. அவருக்கு வேலையும் வேணும், மனுஷங்களும் வேணும்” என்ற டாக்டர், மர்ஜியா பக்கம் திரும்பினார். “நீங்க கடைசியா எப்பம்மா நிம்மதியா தூங்குனீங்க?”

அப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை! பொலபொலவென்று அழுதபடி, வீட்டில் வாங்கிய பேரையும் சொல்லிவிட்டாள்.

“அவருக்குப் பதிலா நீங்க நோயாளி ஆயிட்டா, அவர் எப்படிம்மா குணமாவார்?”

சாகுலுக்கு அன்றுதான் எல்லாம் தெரிந்தது. பஸ்ஸில் வழி முழுக்க மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

இன்றைக்கு, மாமியார் சொன்னபடியே மர்ஜியா கிளம்பினாள். இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட இஃப்பத் மறுத்து அழுதுகொண்டிருந்தாள்.

அறைக் கதவு திறந்தது. சாகுல் கையில் மாத்திரை அட்டையோடு கூடத்துக்கு வந்தான்.

“இது யாரோடதும்மா?”

“உம் பொண்டாட்டியோடது... அதை ஏன்ப்பா நீ தொடுற?”

“என்னோடதும்மா.” மாத்திரையைப் பிரித்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். “எட்டு மாசமா எனக்குத்தான் வைத்தியம். பேரு மட்டும் அவளுக்கு. வர்றவங்ககிட்ட நானே சொல்லிடுறேன். அதுக்கு மேலயும் பொண்ணு வேணும்னா உட்காரட்டும்.”

ஜெய்த்தூன் பீவி வாசலில் நின்ற மருமகளிடம் ஓடினாள்.

“அல்லாவே... எம் புள்ளைக்காகவா நீ இவ்வளவு ஏச்சு வாங்குன? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி...” என்று மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். மர்ஜியாவும் தாங்காமல் அழுதாள்.

“வெங்காயம் எங்க இருக்கு?” அடுக்களையிலிருந்து சாகுலின் குரல். “பிரியாணி நான் பார்த்துக்குறேன்.”

“நீ போய் உட்காருப்பா...” என்று வழக்கம்போல் தொடங்கிய கிழவி, பாதியில் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், வெங்காயக் கூடையை மகன் பக்கம் தள்ளிவைத்தாள். பிறகு வந்து மர்ஜியாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

“நீ போய்ப் படுத்துக்க தாயி... அவங்க வண்டி வந்ததும் எழுப்புறேன்.”

மர்ஜியா படுத்ததும் தூங்கிப்போனாள். வண்டி வந்து நின்ற சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை.