இடது கைப் பக்கத்துக் கியர்

கியர் இருக்க வேண்டிய இடத்தில் கியர் இல்லாததுதான் பன்னீர்செல்வத்துக்கு முதல் நாளிலிருந்தே தொல்லை. லாரி ஓட்டிப் பழகிய உடம்பு அவனுடையது. ஜெர்மனியிலிருந்து கப்பலேறி நெய்வேலிக்கு வந்த அந்தச் சிவப்பு ரெண்டு சீட்டுக் காருக்கோ ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது பக்கம். கிளட்சை மிதித்ததும் அவன் இடது கை தன்பாட்டுக்கு இறங்கிக் கதவில் இடித்துக்கொண்டு, அசடு வழியத் திரும்பி வரும். அன்று சாயங்காலம் மட்டும் அது இடிக்கவில்லை. உருண்டையான ஒரு பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. இப்போதுதான் யாரோ கையெடுத்த மாதிரி அது வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் திடுக்கிடுவதற்குள் வண்டி மூன்றாம் கியருக்கு மாறிவிட்டது. சத்தமே இல்லை.

பக்கத்து சீட்டில் ஜெர்மன் இன்ஜினியர். முதுகெலும்பு தேய்ந்துபோன மனுஷர். ஆசை ஆசையாக வாங்கிய காரைத் தானே ஓட்டக் கொடுத்து வைக்கவில்லை. கியர் மாறும்போது குலுங்கினால் வலி தாங்காமல் பல்லைக் கடிப்பார். அன்று கடிக்கவில்லை. சனிக்கிழமை சுரங்கம் வரைக்கும் இதேபோல் குலுங்காமல் கூட்டிப்போய் வந்தால் அவனைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்வதாகத் தம்முடைய அரைகுறைத் தமிழில் சொன்னார்.

பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ். பன்னீர் வீட்டில் யாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை. குடிசை போட்டிருந்த புறம்போக்கையும் சுரங்கம் விழுங்கிவிட்டது. மனைவி அமிர்தம் நிறைமாதக்காரி. காண்ட்ராக்ட் ஆட்களின் கொட்டகையில் ஒழுகாத மூலையாகப் பார்த்துப் படுத்திருந்தாள். நம் பிள்ளை சிமெண்ட் தரையில்தான் தவழும் என்று அவளிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தான்.

மறுநாள் பொழுது சாய, பழகிக்கொள்ளலாம் என்று தனியாகவே காரைச் சுரங்கச் சரிவில் இறக்கினான். நனைந்த நிலக்கரியின் புகைவாடை மூக்கில் ஏறியது. எங்கோ ஆழத்தில் மண்வெட்டும் ராட்சத இயந்திரம் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. வைப்பர் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து முனகியது. கிளட்சை மிதித்தான். இடது கை இறங்கியது. பிடி அங்கே காத்துக்கொண்டிருந்தது. இழுத்தான். வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி கியர் விழுந்தது. உள்ளபடி சொன்னால், அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆசை விடாமல் இன்னொரு தரம் இழுத்தான்.

இடது கன்னத்தில் சாரல் அடித்தது. கண்ணாடி ஏற்றித்தானே இருக்கிறது என்று திரும்பினான். கதவு பாதி திறந்திருந்தது. ரோடு அவன் இடுப்புக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை பிடித்திருந்தது கதவின் கைப்பிடியை. அந்தக் கையின்மேல் இன்னொரு கை கனத்தது.

எப்படி நிறுத்தினான், எப்படி ஷெட்டுக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஷெட் காவலாளி கருப்பசாமி அவன் முகத்தைப் பார்த்ததுமே பீடியை அணைத்துவிட்டார்.

"ஒனக்கு முன்னாடி அய்யனாருன்னு ஒருத்தன் ஓட்டிகினு இருந்தான். அவனும் லாரிக்காரன்தான். அந்தச் சரிவுல பழக்க தோஷத்துல இடது கையால கியரத் தேடிகினே போயி, கதவத் தெறந்துட்டான். வுழுந்தவன் எழுந்திரிக்கல. பின்சக்கரம் அந்தக் கை மேலயே ஏறிச்சு. வண்டிக்கு ஒரு கீறல் இல்ல. பேசாம லாரிக்கே போயிடு தம்பி."

பன்னீருக்குப் பயம் வந்தது வாஸ்தவம். ஆனால் அதைவிடக் கோபம்தான் பொங்கியது. இருந்த இடத்தைச் சுரங்கக்காரன் கேட்டான், கொடுத்தாயிற்று. இப்போது செத்தவனும் வந்து பங்கு கேட்டால் எப்படி?

"செத்தவனுக்குக் கியர் வேணும்னா அவன் தேடிக்கட்டும்ண்ணே," என்றான். "என் சோத்துல கைய வைக்கக் கூடாது."

சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், தோள் துண்டை எடுத்து இடது மணிக்கட்டை ஸ்டியரிங்கோடு சேர்த்துச் சுற்றி, பல்லால் இறுக்கி முடிச்சுப் போட்டான். என்னவென்று கேட்ட இன்ஜினியரிடம் சுளுக்கு என்றான்.

வலது கையால்தான் எல்லாம். கிளட்ச் அடிவரை. விரல் நுனியால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி அங்கே ஒரு மூச்சு நிறுத்தினான். இன்ஜின் சத்தம் தணிய விட்டு, முரட்டுத்தனம் காட்டாமல் அடுத்த கியருக்கு வழிகாட்டினான். கிளட்சை மெல்ல விட்டான். குலுங்கவில்லை.

சரிவு வந்தது. துண்டுக்குள் ஏதோ நகர்ந்தது. வெதுவெதுப்பான விரல்கள். முடிச்சைத் தடவின. நெருடின. இழுத்தன.

"கைய எடுறா," என்றான் பல்லிடுக்கில். "இது என் வண்டி."

கிளட்ச். நியூட்ரல். ஒரு மூச்சு. கியர்.

மறுபடியும் இழுத்தது. மணிக்கட்டு எரிந்தது. அவன் விடவில்லை. சரிவில் இறங்கினான். திரும்பினான். ஏறினான். இன்ஜினியர் ஒரு தரமும் பல்லைக் கடிக்கவில்லை.

பங்களா வாசலில் அவர் இறங்கி, அவன் தோளைத் தட்டி, பர்மனென்ட் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார். பன்னீருக்குக் கண் கலங்கிவிட்டது. அமிர்தத்திடம் முதலில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே, வியர்வையில் வழுக்கிய இடது கையைத் துண்டிலிருந்து உருவிக்கொண்டான்.

துண்டு தொய்யவில்லை.

ஸ்டியரிங்கோடு இறுகியபடி, உள்ளே இன்னொரு மணிக்கட்டு இருப்பதுபோல் விம்மி நின்றது. வெள்ளைத் துணியில் மெல்ல ஈரம் ஊறியது. சிவப்பு.

அவனுடைய இரண்டு கையும் அவன் மடியில் இருந்தன.

"நாளைக்கும் நான்தான் வருவேன்," என்றான். "நீ கட்டிப் போட்டபடியே கெட."

கிளட்ச் தானாக அமுங்கியது. அடிவரை. வலது பக்கத்துக் கியர் நியூட்ரலில் அசைந்து, ஒரு மூச்சு நின்றது. அவன் செய்த மாதிரியே.

பிறகு, சத்தமில்லாமல், குலுங்காமல், முதல் கியர் விழுந்தது. விம்மிய துண்டு ஸ்டியரிங்கோடு சேர்ந்து, சுரங்கச் சாலைப் பக்கம் மெல்லத் திரும்பியது.