ஐயமில்லாத கையொப்பம்

இரண்டாவது முறையும் மணிக்கட்டுப் பட்டை மஞ்சளாக எரிந்தது. 'ஐயம்' என்று காட்டிவிட்டு அணைந்தது.

செங்கோடன் மணிக்கட்டைச் சட்டையில் துடைத்தான். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கு உதிரிப் பாகம் விற்கும் கடை அது. பின்னறையில் அவன். முன்னறையில் யாரோ துளைமுனையின் விலை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு.

"என்னண்ணே, கையொப்பம் விழுந்துச்சா?" கைப்பேசியில் தூத்துக்குடியிலிருந்து ரெஜினாவின் குரல்.

"இல்ல."

"இன்னும் ஒரு தடவதான் இருக்கு. அதுவும் மஞ்சளா வந்துச்சுன்னா ஏழு நாளைக்கு உங்க கைய பூட்டிப்போடும். பாத்துக்கிடுங்க."

"தெரியும் ரெஜினா."

"ஒரு வரி விடாம படிச்சீங்கதான?"

"மூணு தடவ படிச்சேன். எல்லாம் சரியா இருக்குது. அது தெரிஞ்சும் வரமாட்டேங்குது."

வீட்டிலேயே இரத்தம் சுத்தம் செய்யும் குருதிவடிப்பான் நாற்பதாயிரம் வீடுகளில் ஓடுகிறது. அதை இயக்கும் நிரல் யாருக்கும் சொந்தமில்லை. எவரும் பார்க்கலாம், எவரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் அந்தந்தப் பகுதியின் இரண்டு காப்பாளர்கள் கையொப்பமிட்டால்தான் அது எந்திரங்களுக்குப் போகும். முன்பு கையொப்பம் என்பது கடவுச்சொல்லாக இருந்தது. அதைத் திருடி ஒருவன் நச்சு நிரலைச் செருகிய பிறகு, கடவுச்சொல் ஒழிந்து உளச்சான்றுப் பட்டை வந்தது. உடம்பைத் திருட முடியாது. நாடி, வியர்வை, உடற்சூடு மூன்றையும் பட்டை பார்க்கும். பொய்யாகக் கையொப்பமிடுகிறவன் நெஞ்சு குறுகுறுக்கும், பட்டை மஞ்சளாகும். நெஞ்சு தெளிந்திருந்தால் பச்சை.

ஐந்து வருடங்களாக எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதுதான் கோளாறு.

காப்பாளர்களுக்குள் ஒரு வழக்கம் வளர்ந்திருந்தது. 'மொய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் திருத்தத்துக்கு நீ ஒன்று வை, உன் திருத்தத்துக்கு நான் ஒன்று வைக்கிறேன். திருப்பி வைக்காதவனுடைய திருத்தம் மாதக்கணக்கில் கிடந்து காயும். ரெஜினா கெட்டிக்காரி, தப்பு செய்யமாட்டாள் என்று செங்கோடன் நம்பினான். போன வாரம் சித்தப்பா மகன் கல்யாணப் பந்தியில், இலையில் பச்சடி விழுந்துகொண்டிருந்த நேரம் அவள் திருத்தம் வந்தது. வலது கையில் சோறு. இடது கையால் தொட்டான். பச்சை. ஒரு வரிகூடப் படிக்காதவனின் நெஞ்சில் ஒரு குறுகுறுப்பும் இல்லை.

நோயாளியின் இரத்த அழுத்தம் இறங்கினால் எந்திரம் நின்று கூவ வேண்டும். வீண் கூவலைக் குறைக்க, மூன்று நொடி பொறுத்துவிட்டுக் கூவு என்று ரெஜினா எழுதினாள். ஆனால் நிரலின் அந்தப் பகுதி நேரத்தை நிமிடங்களில் எண்ணும். மூன்று நொடி, மூன்று நிமிடமாகிவிட்டது. நேற்று முன்தினம் நல்லமுத்துவுக்கு அழுத்தம் சரிந்தபோது எந்திரம் வாய் மூடி உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கண் செருகிக் கிடந்தவரை அவர் மனைவி பார்த்துக் குழாயை அடைத்ததால் உயிர் தப்பியது. நிமிடத்தை நொடியாக்கும் புதுத் திருத்தத்துக்குத்தான் இன்று செங்கோடனின் கையொப்பம் வேண்டியிருந்தது.

நல்லமுத்து ஆழ்துளை வண்டி ஓட்டியவர். செங்கோடனுக்குப் பள்ளித் தோழர். அந்த எந்திரத்தை வாங்கச் சொன்னதே செங்கோடன்தான். "திறந்த நிரல்டா. ஆயிரம் கண்ணு பாக்குது," என்று மார்தட்டியிருந்தான். இன்று இரண்டு மணிக்கு அவர் மறுபடி எந்திரத்தில் படுத்தாக வேண்டும். அன்று சுத்திகரிப்பு அரைகுறையாக நின்றுபோனதால் கால் வீங்கியிருக்கிறது. மருத்துவமனையில் நாலு நாளைக்குப் படுக்கை இல்லை. பழைய நிரலுக்குத் திரும்பலாம் என்றால் அதற்கும் இரண்டு கையொப்பம். ஓட்டை அடைபடும் வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது விதி. விட்டால் கெடுக்க நினைப்பவனுக்கு வழி காட்டியதாகும்.

செங்கோடன் விதியை மீறினான். நேரே நல்லமுத்து வீட்டுக்குப் போய், கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும், பட்டை பச்சையாகும் என்று ஒரு கணக்கு. அது கணக்கு என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

நல்லமுத்து சிரித்தார். "இதுக்கா மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கற? நீ வேணும்னா பண்ணுன? எறநூறு அடி துளைக்கறன்னு சொல்லிப்போட்டு நூத்தம்பதுல நிறுத்துனவன் நானு. போச்சாது விடு."

"திட்டுடா."

"திட்டுனா உன்ற பட்டை பச்சையாகுமா?"

செங்கோடன் அங்கேயே மூன்றாவது முறை தொட்டான். மஞ்சள். 'ஏழு நாள் பூட்டப்பட்டது.' இம்முறை அணையவில்லை. மன்னிப்பு அவனை இன்னும் மோசமாக்கியிருந்தது.

வாசலுக்கு வந்து ரெஜினாவைக் கூப்பிட்டான். "என் கை பூட்டிருச்சு. உன்னோடது விழுந்துச்சா?"

"நான் எழுதுனவ. நேத்தே கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டுப் போட்டேன், எப்படியோ பச்சையா வந்துட்டு. ரெண்டாவதுக்கு ஆளு வேணும்ணே. அவசரம்னா வேற பகுதிக்காரங்களும் போடலாம்னு விதி இருக்கு. திவாகரன்?"

திவாகரன் கோயம்புத்தூர்க்காரன். எந்திரத் திரையின் நிறங்களுக்குக் காப்பாளன். போன வருடம் முந்நூறு கையொப்பம், ஒரு மஞ்சள்கூட இல்லை. 'மாசற்ற காப்பாளர்' என்று விருது கொடுத்தார்கள். விருதுச் செய்தியைப் பார்த்துச் செங்கோடன் முகம் சுளித்திருந்தான். இப்போது அவனையே அழைத்தான்.

"அண்ணா, பஸ்ல இருக்கறனுங்க. போடோணுமுங்களா? இதோ."

"இரு. இது உயிர் விசயம். இந்த ஒண்ணையாச்சும் படிச்சுட்டுப் போடு."

"சரிங்கண்ணா."

பத்து நிமிடம் போனது. பிறகு திவாகரனின் குரல் மாறியிருந்தது. "அண்ணா, நாப்பத்தி ரெண்டாம் வரியில கூட்டிக் கழிக்கறது எதுக்குங்க? அது தப்பாப் போச்சுன்னா என்னாகும்?"

"தப்பில்ல. நான் பாத்துட்டேன்."

"இருந்தாலுமுங்க... எனக்கு இந்தப் பகுதி தெரியாதுங்களே. ஆளுக படுத்திருப்பாங்கல்ல?" தொட்டுவிட்டான். "அண்ணா, மஞ்சளா வந்துருச்சுங்க. எனக்கு இப்படி வந்ததே இல்லைங்க."

உள்ளே நல்லமுத்துவின் மனைவி ஊசி குத்தும் இடத்தைத் துடைக்கும் ஸ்பிரிட் வாடை வந்தது. மணி ஒன்று ஐம்பது.

செங்கோடன் சொன்னான். "திவாகரா, அதை மூடு."

"என்னங்கண்ணா?"

"நிரலை மூடு. படிக்காத. பஸ்ல சன்னலோரம் இருக்கறயா? வெளிய பாரு. நொய்யல் வந்துருச்சா?"

"தாண்டிட்டமுங்க."

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"பிரியாணிங்க," என்று திவாகரன் தயங்கிச் சொன்னான். எந்தக் கடை என்று செங்கோடன் கேட்டான். கூட்டம் எப்படி என்று கேட்டான். கறி வெந்திருந்ததா என்று கேட்டான். பையன் குரலில் பழைய இலகு திரும்பிய நேரம் பார்த்து, "இப்பத் தொடு," என்றான்.

"பச்சைங்கண்ணா!"

நாற்பதாயிரம் எந்திரங்கள் ஒரே நேரத்தில் புது நிரலை ஏற்றுக்கொண்டன. உடனே காப்பாளர் அவையிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. ஒன்றில், தொடர்ந்து மூன்று முறை உளச்சான்று குறைந்ததால் செங்கோடனின் பொறுப்பு பறிக்கப்படுகிறது. மற்றதில், நெருக்கடியில் உறுதியுடன் செயல்பட்டதற்காக அந்தப் பகுதி இனி திவாகரனிடம் ஒப்படைக்கப்படுகிறது.

செங்கோடன் இரண்டையும் படித்துவிட்டு உள்ளே போனான். நல்லமுத்து கையை நீட்டிப் படுத்திருந்தார். எந்திரம் பச்சையாக ஒளிர்ந்தது.

"சரியாயிருச்சாப்பா?"

"சரியாத்தான் இருக்குது."

"யாரு பாத்துக் கையெழுத்துப் போட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாத்தவனால போட முடியல. போட்டவன் பாக்கல."

நல்லமுத்து காலால் முக்காலியை அவன் பக்கம் தள்ளினார். "அப்ப நீ எங்கயும் போவாத. இங்க உக்காரு."

குழாயில் சிவப்பு ஏறியது. செங்கோடன் உட்கார்ந்து அவர் முகத்தையும் அழுத்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். எந்திரம் ஓடிய நான்கு மணி நேரமும் அவன் கண் அங்கிருந்து நகரவில்லை. கழற்ற மறந்த பட்டை, யாருக்கும் பயனில்லாமல், மணிக்கட்டில் மஞ்சளாகவே எரிந்துகொண்டிருந்தது.