பலாக்கட்டை

சின்ன வெங்காயம் நறுக்கித் தரலாம் என்று சமையலறைக்குள் போன முர்தினிக்குக் கத்தி கிடைக்கவில்லை. மூங்கில் தட்டியில் எப்போதும் சொருகியிருக்கும் மூன்று கத்திகளையும் காணோம். தேங்காய் உடைக்கிற அரிவாள் தொங்கிய ஆணி மட்டும் சுவரில் இருந்தது. மிளகாய் அரைக்கும் கல்லின் மேல் குழவியும் இல்லை. வெளியே முற்றத்தில் தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருந்த புகையிலையின் காட்டமான இனிப்பு வாடை சன்னல் வழியாக வந்து அந்த வெறும் அறையை நிரப்பியது.

"என்ன தேடுறே?"

அண்ணன் மனைவி லஸ்மி வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். ஐந்து வயது மகள் நிகெனைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"கத்தி, அண்ணி."

"சாணை பிடிக்கக் குடுத்திருக்கு."

"எல்லாத்தையுமா?"

"நீ போய் உக்காரு. முதல்ல உடம்பு தேறட்டும்."

முர்தினி நகரத்து மனநல மருத்துவமனையிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. செமாராங் நகரத்துத் துணி ஆலையில் தையல் வேலை பார்த்தவள். ஒரு மழைக்காலத்தில், இயந்திரங்களின் இரைச்சலுக்குள் செத்துப்போன அம்மாவின் குரல் கேட்கத் தொடங்கியது. சாப்பாடு நின்றது, தூக்கம் நின்றது, ஒருநாள் நடுச்சாலையில் போய் நின்றாள். யாரையும் ஒரு அடி அடித்ததில்லை. பதினான்கு மாத வைத்தியத்தில் குரல் அடங்கிவிட்டது. தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒருமுறை வந்து காட்டினால் போதும், வேலைக்கே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய மேற்பார்வையாளரும், அடுத்த மாதம் வந்து சேர்ந்துகொள் என்றிருந்தார். இந்த ஒரு மாதத்தைக் கடந்துவிட்டால் போதும்.

சாயங்காலம் ஆனால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் அண்ணன் வீட்டு டிவி முன்னால் கூடிவிடுவார்கள். அப்போது ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பைத்தியக்காரி. பகலில் தலைவாரி, வாசல் பெருக்கி, எல்லாரிடமும் பதமாகப் பேசுவாள். விளக்கு வைத்த பிறகு கூந்தலை அவிழ்த்துப் போட்டு, கையில் கத்தரிக்கோலோடு, தொட்டில் பக்கமாகப் போவாள். அப்போது சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கேட்டதும் கூடத்தில் இருந்த ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. எல்லாரும் முர்தினியைப் பார்த்தார்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் லேசாகப் புன்னகைத்தாள்.

மறுநாள் அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை.

அன்றிலிருந்து ஜாக்கிரதையானாள். சிரிக்கக் கூடாது. அழக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. எண்ணெய் தடவி, ஒரு மயிர் பறக்காமல் கொண்டை போட்டுக்கொண்டாள். பிளாஸ்டிக் தட்டில் தனியாகச் சோறு வைத்தபோது ஏன் என்று கேட்கவில்லை. அவள் அறைக்கு வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள் பளபளத்ததையும் பார்க்காதவள்போல இருந்தாள். ஒருநாள் கிணற்றடியில் லஸ்மி யாரிடமோ சொல்வது கேட்டது.

"ரொம்ப அமைதியா இருக்காடி. அதுதான் வயித்தைக் கலக்குது."

அன்று மதியம் மாத்திரை அசதியில் படுத்திருந்தவள், காலில் ஏதோ இறுகுவது போலிருக்க விழித்தாள். கால்மாட்டில் லஸ்மி. வலது கணுக்காலைச் சுற்றி ஒரு வெள்ளை நூல்.

"எறும்பு ஊர்ந்துச்சு, தட்டி விட்டேன்."

நூலை உருவி உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு லஸ்மி எழுந்து போனாள். அவள் விரலிடுக்கில் தெரிந்தது, நூலில் ஒரு முடிச்சு.

சற்று நேரத்தில் கொல்லையிலிருந்து சத்தம் தொடங்கியது. டொக். டொக். நிறுத்தி, ஊதி, மறுபடியும் டொக். தச்சர் பாக் சர்ஜோவின் உளிச் சத்தம். பச்சைப் பலாமரத்தின் பால் வாடை மெல்ல மெல்லச் சுவரைத் தாண்டி, அறைக்குள் வந்து, தலையணையில் ஏறிக்கொண்டது. வாயில் வைத்த தண்ணீரிலும் அதுவே மணந்தது.

"என்ன செய்றாங்க அண்ணே?" என்று அண்ணன் பார்யோனோவிடம் கேட்டாள்.

"ஆட்டுக்கொட்டகைக்கு ஒரு கட்டை."

"ஆடெல்லாம் வித்தாச்சுன்னியே?"

"வாங்கணும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. வண்டி பஞ்சர் என்றான் அண்ணன். நடந்துபோய் பஸ் பிடிக்கிறேன் என்றாள். "நாளைக்குப் போலாம். இன்னைக்கு உனக்காக விருந்து சொல்லியிருக்கேன். ஊரே வருது."

ஊரே வந்தது. மதியத் தொழுகை முடிந்து ஆண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் மஞ்சள் சோற்றுக் கோபுரம், சுற்றிலும் அவித்த முட்டை, பொரித்த சோயா டெம்பே. பெரியவர் துஆ ஓதினார். நடுவில் அவள் பெயர் வந்தது. முர்தினி, நோய் நீங்கட்டும். எல்லாரும் ஆமீன் என்றார்கள். சமையலறை வாசலில் நின்றிருந்த முர்தினிக்குக் கண் நிறைந்தது. இவர்களைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று வெட்கப்பட்டாள்.

சாப்பிட்டு முடித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. தட்டுகளை எடுக்கப் பெண்களும் வரவில்லை. ஈ மொய்க்கும் சத்தம் மட்டும்.

"வா முர்தினி," என்றான் பார்யோனோ. "கொட்டகையைப் பாத்துட்டு வரலாம்."

அவள் நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம். இரண்டு பேர். ஐந்து பேர். எல்லாரும்.

கொட்டகைக்குள் புது ஓலைப்பாய். தண்ணீர்க் குடம். ஒரு வாளி. நீளமான பலாக்கட்டை, நெடுக்கே இரண்டாகப் பிளந்தது. அதில் அரைவட்டமாக வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பள்ளங்கள். வழவழவென்று இருந்தன.

 முர்தினி குரலை உயர்த்தாமல் நிதானமாகவே பேசினாள். "அண்ணே, எனக்கு உடம்பு சரியாயிடுச்சு. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு இருக்கு, படிச்சுப் பாரு. அடுத்த வாரம் வேலைக்குப் போயிடுவேன். இங்க யாருக்கும் தொந்தரவா இருக்க மாட்டேன்."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் தலையாட்டக்கூடச் செய்தார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள்:

"சீரியல்ல வர்றவளும் பகல்ல இப்படித்தான் தெளிவாப் பேசுவா."

யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். முர்தினி அலறிவிட்டாள்.

"பாத்தீங்களா," என்றாள் லஸ்மி.

கூட்டம் மூச்சு விட்டது. அதுவரை இருந்த தயக்கம் எல்லார் முகத்திலிருந்தும் போய்விட்டது. கைகள் வந்தன. கொண்டை அவிழ்ந்தது. இடுப்பை ஒருவன், முழங்காலை ஒருவன். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பத்திரம், பத்திரம் என்றார்கள். பார்யோனோ அழுதுகொண்டே அவள் பாதங்களைத் தூக்கிப் பள்ளத்தில் வைத்தான். "உன் நல்லதுக்குத்தாம்மா. மறுபடி ரோட்டுல போய் நின்னா யாரு பாக்கிறது?"

மேல்கட்டை இறங்கியது. ஆப்பு அடித்தார்கள். டொக்.

கணுக்காலுக்குச் சரியாக இருந்தது.

எல்லாரும் போன பிறகு பாக் சர்ஜோ மட்டும் நின்று, கட்டையில் கைவைத்துத் தடவிப் பார்த்தார். அப்போதுதான் முர்தினி கவனித்தாள். அவள் கால்களுக்கு அப்பால், அடிக்கட்டையில் இன்னொரு ஜோடிப் பள்ளம் இருந்தது. சின்னது. அதற்கு உரிய மேல்துண்டு தனியாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

"இது யாருக்கு?"

"மரம் நீளமா இருந்துச்சு," என்றார் அவர். "அறுத்து வீணாக்குவானேன்னு போட்டு வெச்சேன். இந்த நோயெல்லாம் ரத்தத்துல வர்றதுன்னு சொல்றாங்க." சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். உளிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்.

முதல் நாள் கத்தினாள். இரண்டாம் நாள் தொண்டை போய்விட்டது. கால்கள் மரத்தன. அவளுடையவைபோல இல்லை. வாளியின் நாற்றம். பலாவின் வாடை. மாத்திரை வரவில்லை. கூந்தலை முடிய ஒரு நாடா கேட்டாள். கழுத்தில் மாட்டிக்கொள்வாள் என்று கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவு கிறீச்சிட்டது. நிகென். கையில் வாழைப்பழ பஜ்ஜி. பாதியைப் பிய்த்து அத்தை வாயில் வைத்தாள்.

"அத்தே, இது விளையாட்டா?"

"ஆமா கண்ணு. நீ வீட்டுக்குப் போ."

நிகென் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள். சின்னப் பள்ளங்களில் வைத்தாள். அத்தையைப் போலவே முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"எனக்கும் சரியா இருக்கு!"

"எடு. காலை எடு."

"அத்தே, டிவியில வர்றவ மாதிரி சிரிச்சுக் காட்டட்டா?"

"வேண்டாம். நிகென், வேண்டாம்மா."

குழந்தை தலைமுடியை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டது. கழுத்தைப் பின்னால் சாய்த்தது. சிரித்தது. அதே சிரிப்பு. ஏற்ற இறக்கம் மாறாமல், அப்படியே.

கதவு திறந்திருந்தது. வெளிச்சத்தில் லஸ்மி நின்றிருந்தாள்.

ஓடி வந்து பிள்ளையை வாரிக்கொள்வாள் என்று முர்தினி காத்திருந்தாள். லஸ்மி வரவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தாள். அவள் கண்கள் மகளின் முகத்திலிருந்து மகளின் கால்களுக்கு இறங்கின. அங்கிருந்து, சுவரில் சாய்ந்திருந்த சின்ன மேல்துண்டுக்குப் போயின. அங்கேயே நின்றன.

நிகென் இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.