வராத காய்ச்சல்

மாட்டுங்காவில் ருக்குவின் வீட்டுக்கு வந்த மெஹராஜ் உட்காரக்கூட இல்லை. மருத்துவமனை ரிப்போர்ட்டை நீட்டினாள்.

“தாராவியில எங்க வீட்டுக்காரருக்குத் தோல் பை பட்டறை. மூணு நாளா வயித்து வலி, வாந்தி. நான் சோத்துக்கு ஆக்குன மீன் ஆணத்துல விஷம் வச்சுட்டேன்னு கொழுந்தன் காசிம் போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டார். நான் வைக்கலம்மா.”

ருக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழப்பமான ரிப்போர்ட் என்றால் அக்கம்பக்கத்தில் அவரிடம்தான் வருவார்கள். காய்ச்சல் இல்லை, உடம்பில் அழற்சி இருந்தால் ஏற வேண்டிய சி.ஆர்.பி. அளவும் மிகக் குறைவு. ‘கிருமித் தொற்று இல்லை, விஷமாக இருக்கலாம்’ என்று டாக்டர் குறித்திருந்தார்.

“கொழுந்தன்தான் மேடம், பக்கா!” என்றார் பக்கத்து வீட்டு நாகராஜ். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அவருக்கு எல்லோர்மேலும் சந்தேகம்.

ருக்கு அவரைக் கையமர்த்தினார். “உங்காத்துக்காரருக்கு முன்னாடி ஏதாவது வியாதி உண்டா?”

“முடக்குவாதம். விரலெல்லாம் வீங்கி, தோல் வெட்டுற கத்தியையே பிடிக்க முடியாது. நாலு மாசமா சுத்தமா சரியாயிட்டு. ஏதோ எண்ணெய் தேய்க்கேன்னாரு. மாசம் ஒருக்கா தம்பியோட செம்பூருக்குத் தோல் பார்க்கப் போவாரு. வரும்போது கையில பஞ்சு ஒட்டியிருக்கும். கேட்டா எரிஞ்சு விழுவாரு.” அவள் குரல் தாழ்ந்தது. “அங்க வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சேன்.”

மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். மெஹராஜின் கணவர் ஜெயினுலாப்தீன் நினைவு தப்பிக் கிடந்தார். வாசலில் காசிம் மெஹராஜை வழிமறித்தான்.

“மைனியை உள்ள விடக்கூடாது.”

“காய்ச்சல் அடிச்சுதா?” என்று கேட்டார் ருக்கு.

“அண்ணனுக்குக் காய்ச்சல் வராது.”

ருக்கு அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு மெஹராஜிடம் கணவரின் போனைக் கேட்டு வாங்கினார். செம்பூர் மூட்டுநோய் கிளினிக் ஒன்றிலிருந்து மருந்து ஏற்றிக்கொள்ள வரச் சொல்லி மாதாமாதம் ஆங்கிலத்தில் செய்தி வந்திருந்தது. நாகராஜ் ஆட்டோ பிடித்து அங்கே பறந்தார். ருக்கு டாக்டரிடம் நாலு வார்த்தை சொன்னதும், நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். குடலில் ஓட்டை, வயிறு முழுக்கச் சீழ். உடனே அறுவை சிகிச்சை.

நாகராஜ் ஒரு தாளோடு திரும்பியபோது கான்ஸ்டபிளும் வந்திருந்தார். எல்லோரும் அறுவை அறை வாசலில் நின்றார்கள்.

“விஷம் யாரும் வைக்கலை,” என்றார் ருக்கு. “கிருமியைக் கண்டா நம்ம எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன்னு சின்னச் சின்னப் புரதங்களைச் சுரந்து சேதி அனுப்பும். அதுல ஒண்ணு இன்டர்லூகின்-6. அந்தச் சேதி மூளைக்குப் போனா காய்ச்சல் ஏறும். கல்லீரலுக்குப் போனா சி.ஆர்.பி. ஏறும். முடக்குவாதக்காராளுக்குக் கிருமியே இல்லாம அது ஓயாம சுரந்து மூட்டை வீங்க வைக்கும். செம்பூர்ல ஏத்தின மருந்து அந்தச் சேதி போய்ச் சேராம தடுத்துடும். அதான் விரல் சரியாச்சு. ஆனா குடல் ஓட்டையானப்பவும் காய்ச்சல் வரலை, சி.ஆர்.பி. ஏறலை. டாக்டர் ஏமாந்துட்டார்.”

“அப்ப யார் மேலயும் தப்பில்லையா?” என்றார் கான்ஸ்டபிள்.

“இருக்கு. பக்கத்துல இருந்து பார்த்தவா காய்ச்சல் ‘இல்லை’ன்னு சொல்வா. காசிம் ‘வராது’ன்னார். வராதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

நாகராஜ் தாளை விரித்தார். “கிளினிக் ஃபாரம், சார். ‘தொற்று வந்தாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.’ கீழே துணைக்கு வந்தவர் கையெழுத்து, காசிம்.”

காசிம் தாளைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். “நான் எதுவும் கொடுக்கல. ஒண்ணுமே செய்யல.”

“ஆமா,” என்றார் ருக்கு. “மூணு நாள் ஒண்ணுமே செய்யலை. அண்ணா போயிடுவார், மன்னி ஜெயிலுக்குப் போவா, பட்டறை உங்களுக்கு.”

காசிம் வாசல் பக்கம் நகரப் பார்த்தான். கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்தார்.

இரண்டாம் நாள் காலையில் ஜெயினுலாப்தீன் கண் திறந்தார். வறண்ட குரலில் முதலில் கேட்டது, “தம்பி எங்க?”

மெஹராஜ் ஈரத் துணியால் அவர் உதட்டை நனைத்தாள்.

“சொல்லுதேன். அதுக்கு முன்னால நீங்க சொல்லுங்க. அந்த ஊசியை ஏன் என்கிட்ட மறைச்சீங்க?”

“ஊசி போடுற நோயாளின்னு தெரிஞ்சா ஆர்டர் தரமாட்டாங்க. உனக்குத் தெரிஞ்சா பயந்துருவே. தம்பிக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு...”

அவள் அழவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காசிம் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினாள்.