வட்ட ஜன்னல் எழுத்து

அந்தத் திரைச்சீலையை அய்சுரெக் வரையவே இல்லை.

கிர்கிஸ்தானின் கரகோல் நகரத்துப் பழைய மரவீடுகளின் ஜன்னல்களைப் பார்த்து அவள் ஓர் எழுத்துரு செய்திருந்தாள். கொடியும் புறாவும் செதுக்கிய நீலச் சட்டங்கள் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி ஓட, எழுத்துக்குள் அடைபட்ட இடமெல்லாம் சின்னச் சின்ன ஜன்னல்களாக, உள்ளே வெறும் கறுப்பாக இருக்கும். தேநீர்க்கடைப் பலகையிலும் கல்யாண அழைப்பிதழிலும் அது ஏறிவிட்டது. இப்போது துர்துகுல் அக்காவின் ஆப்ரிகாட் ஜாமுக்கு லேபிள். 'ஒருக்' என்று ஒரே சொல், ஆப்ரிகாட்டுக்குக் கிர்கிஸ் பெயர். கிர்கிஸ் எழுத்தில் அதன் முதல் எழுத்து ஒரு வட்டம், குறுக்கே ஒரு கட்டை. அதை மட்டும், ஊர்க்கோடியில் ஆளில்லாத ஒரு வீட்டின் மாடி ஜன்னலைப் பார்த்து வரைந்திருந்தாள்.

அந்த வட்டத்துக்குள் வெள்ளைத் திரை, ஒரு விரல் அகலம் விலகியிருந்தது.

அழித்தாள். கணினியில் கறுப்புதான் நின்றது. ஆனால் நிலக்கரி அடுப்பின் புகைவாடையோடு மையின் சூட்டு மணமும் கலந்து அறையை நிறைக்க, அச்சு இயந்திரம் முனகி முனகித் தள்ளிய தாளில் திரை இன்னும் விலகியிருந்தது. ஒரு நெற்றி. இரண்டு கண்கள்.

மதியம் துர்துகுல் வந்தாள்.

"அக்கா, இந்த எழுத்துக்குள்ள யாராச்சும் தெரியறாங்களா?"

"உனக்குக் கல்யாணம் ஆகணும்டி. கண்ட இடத்துல ஆள் தெரியுது." துர்துகுல் தாளை முகத்தருகே பிடித்து, ஒரு கண்ணை மூடி எட்டிப் பார்த்தாள். "யாரும்மா உள்ள? வெளிய வா, ஜாம் தரேன்."

நகத்தால் தட்டினாள்.

தாள் கண்ணாடிபோல் ஒலித்தது.

இருவரும் கேட்டார்கள். துர்துகுல் சிரித்துவைத்தாள். அச்சடித்த லேபிள்களை அள்ளிக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மேசையில் ஒரு தாள் மிஞ்சியிருந்தது. அய்சுரெக் பயந்து பயந்து பார்த்தாள். திரையும் இல்லை, கண்களும் இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது. தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு அடுப்புக்குக் கரி போட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது.

"லேபிள் ஒட்டிட்டேன்." துர்துகுல் அக்காவின் குரல்தான். வழக்கமான கிண்டல் மட்டும் இல்லை. "வெளிய பனி பெய்யுது. கையில வாங்கிப் பார்த்தேன். எத்தனை காலமாச்சு."

"நேத்தும் பெஞ்சுதே அக்கா."

"அப்படியா."

அடுப்பில் கரி வெடித்தது. அய்சுரெக் மேசைக்குப் போனாள். மெல்லத் தாளைத் திருப்பினாள்.

"ரொம்பக் குளிருது," என்றது போனில் குரல், ஆசையாக. "நல்லாருக்கு."

வட்டத்துக்குள், குறுக்குக் கட்டைக்குக் கீழே, இரண்டு உள்ளங்கைகள் கண்ணாடியில் அப்பியிருந்தன. மேலே துர்துகுல் அக்காவின் முகம். வாய் முழுக்கத் திறந்திருந்தது.

சத்தமே இல்லை.